புதுச்சேரியில் அப்பா கழற்றிய சட்டை

எங்கள் அப்பாவுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும், அடுத்து காது சிவக்கும். காது சிவப்பதற்குள் எதிரே நிற்பவர் இடத்தைக் காலி செய்துவிட்டால் தப்பித்தார். மற்றபடி தங்கமான மனிதர். இரணியலில் எங்களுக்கு வயலும் கொஞ்சம் தென்னையும் உண்டு. வேலைக்கு வருகிறவர்களுக்கு நேரத்துக்குக் கஞ்சி ஊற்றுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தக் கோபத்தில் பாதி எனக்கும் வந்திருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். முக்கால் என்று என் பிள்ளைகள் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அப்பாவின் கோபத்தால் எனக்கு இரண்டு சம்பந்தங்கள் முறிந்திருந்தன. முதலில் வந்தவர்கள் நாகர்கோவில்காரர்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா, அவியலில் தேங்காய் குறைவு என்று சொல்லிவிட்டார். தென்னந்தோப்பு வைத்திருக்கிறவரிடம் சொல்கிற பேச்சா அது? "அப்போ உமக்க வீட்ல போய்த் தின்னும்" என்று அப்பா அவர் இலையை மடக்கிவிட்டார். இரண்டாவது வந்தவர்கள் திருநெல்வேலி. சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார்கள். அப்பா கதவைத் திறக்கவே இல்லை. நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு அடுக்களையில் உட்கார்ந்து, கதவு தட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு இருபத்துமூன்று முடிந்திருந்தது. டீச்சர் டிரெயினிங் முடித்துப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். அந்தக் காலத்தில் இருபத்துமூன்று என்றால் தெருவில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் என்மேல் கவலை வந்துவிடும். எனக்கும் கவலைதான். கல்யாணமே வேண்டாம் என்று வீறாப்புப் பேசுகிற ஆள் நான் இல்லை. எனக்கு ஒரு வீடு வேண்டும், புருஷன் வேண்டும், சண்டை போட என் வயதில் ஒரு ஆள் வேண்டும்.

அப்போதுதான் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, புதுச்சேரியிலிருந்து கடிதம் எழுதினார். அவர் அங்கே ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். பிரெஞ்சுக்காரன் இன்னும் புதுச்சேரியை விட்டுப் போகாத காலம் அது. நாங்கள் திருவிதாங்கூர் கொச்சியில் இருந்தோம். மாமாவுக்குத் தெரிந்த குடும்பத்தில் ஒரு பையன், துறைமுக ஆபீசில் எழுத்தர். அம்மா இல்லாத பையன். பையனின் அப்பா கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நம் ஆட்கள்தான். கோயிலில் வைத்துத் தற்செயலாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொள்ளலாம், சரியாக வந்தால் பேசலாம் என்று மாமா எழுதியிருந்தார்.

அக்கம்பக்கத்தில் அம்மா, "பிரெஞ்சுக்காரனுக்க ஊரு, கப்பலெல்லாம் வருமாம், சும்ம பாத்துட்டு வாறோம்" என்று சொல்லி வைத்தாள். மூன்றாவதும் முறிந்தால் ஊருக்குத் தெரிய வேண்டாம் அல்லவா? ஆனால் எதிர்வீட்டுக்காரி, "ஊரு பாக்கதுக்கு என்னத்துக்குட்டி பட்டுச்சேலை?" என்று என்னிடம் நேராகவே கேட்டுவிட்டாள். கப்பலுக்குப் பட்டு பிடிக்கும் என்றேன்.

அப்பா, அம்மா, நான், பன்னிரண்டு வயதுத் தங்கை, இந்த நான்கு பேரும்தான் கிளம்பினோம். திருநெல்வேலி பஸ் ஆரல்வாய்மொழியைத் தாண்டும்போது காற்று ஜன்னல் வழியாக அறைந்தது. அம்மா அப்பாவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள்.

"இஞ்ச பாருங்க. ஒங்களுக்க கோவத்த இந்த ஆரல்வாய்மொழியிலயே இறக்கி வச்சிருங்க. திரும்பி வரும்போ எடுத்துக்கிடலாம். ஆரும் கொண்டு போவமாட்டாவ."

"எனக்கு எங்கட்டி கோவம்?" என்று அப்பா கோபமாகக் கேட்டார்.

"இந்தப் பிள்ளைக்க தலையில கைய வச்சு சொல்லுங்க."

அப்பா என் தலையில் கை வைத்தார். கை கனமாக இருந்தது. "செரி, இறக்கி வச்சாச்சு" என்றார்.

சொன்னதைச் சொன்னபடி காப்பாற்றவும் செய்தார். திருநெல்வேலியில் ரயில் ஏறி, விழுப்புரத்தில் வண்டி மாறினோம். பிரெஞ்சு எல்லைக்கு முன்னால் நம் சுங்கக்காரர்கள் ஏறிச் சோதனை போட்டார்கள். எல்லை தாண்டியதும் அவர்களுடைய ஆட்கள் ஏறி மறுபடியும் சோதனை போட்டார்கள். அம்மா ஒரு பெரிய டின்னில் முந்திரிக்கொத்தும் இன்னொன்றில் நேந்திர வாழைக்காயில் போட்ட ஏத்தங்காய் வத்தலும் கொண்டு வந்திருந்தாள். முதல் ஆள் டின்னைத் திறந்து ஒரு முந்திரிக்கொத்தை உடைத்துப் பார்த்தார். உள்ளே தங்கமா இருக்கிறது? சிறுபயறும் கருப்பட்டியும்தான் இருந்தது. உடைத்ததைத் தின்றார். நன்றாக இருந்திருக்க வேண்டும், இன்னொன்றையும் உடைத்தார். அப்பாவின் மூக்கு சிவந்தது. அம்மா சட்டென்று என் தலையைப் பிடித்து அப்பாவின் பக்கம் திருப்பினாள். அப்பா ஜன்னல் வழியாக வெளியே பார்க்க ஆரம்பித்தார். இந்த முறை நடந்துவிடும் என்று எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

மாமா ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். ஆள் இழுக்கிற ரிக்‌ஷாவில் ஏறமாட்டேன் என்று அப்பா மறுத்துவிட்டதால், சாமான்களை மட்டும் அதில் ஏற்றிவிட்டு நாங்கள் பின்னால் நடந்தோம். நடந்ததும் நல்லதுதான். அப்படி ஒரு ஊரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நூல் பிடித்ததுபோலத் தெருக்கள். ஒரு முனையில் நின்று பார்த்தால் மறுமுனையில் கடல் தெரிந்தது. தெருப் பெயரை நீலப் பலகையில் பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதியிருந்தார்கள். ஊருக்கு நடுவே ஒரு வாய்க்கால் ஓடியது. அதற்கு இந்தப் பக்கம் நம் ஆட்கள், அந்தப் பக்கம் வெள்ளைக்காரர்கள். அந்தப் பக்கத்து வீடுகளின் மஞ்சள் மதிலுக்கு மேலே காகிதப்பூ குவிந்து கிடந்தது.

"வரப்பு வெட்டுனவன் கைகாரன்" என்று அப்பா தெருவைப் பார்த்துச் சொன்னார். அவருக்கு நேராக இருக்கிற எதுவும் பிடிக்கும்.

உயரமான தொப்பி போட்ட போலீஸ்காரர் ஒருவர் நின்றார். வெள்ளைக்காரப் பாட்டியம்மா ஒருத்தி சின்ன நாயைக் கூட்டிக்கொண்டு வந்தவள், என் தங்கையைப் பார்த்து "போன்ழூர்" என்று வணக்கம் சொன்னாள். அவ்வளவுதான், அன்றிலிருந்து தங்கைக்கு அது பிடித்துக்கொண்டது. நாய்க்குப் போன்ழூர், போலீசுக்குப் போன்ழூர், கன்றுக்குட்டிக்கும் போன்ழூர். "சும்ம கெட சவமே" என்று அம்மா அவள் மண்டையில் ஒரு குட்டு வைத்தாள். கடற்கரைக்குப் போனதும், "எவ்வளவு பெரிய கடல் பார்த்தீங்களா அத்தான்?" என்று மாமா பெருமையாகக் கேட்டார்.

"கடலா? கன்னியாகுமரியில எங்களுக்கு மூணு கெடக்கு" என்றார் அப்பா.

மறுநாள் காலை கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. வெள்ளைக்காரத் தெருக்களுக்குள்ளேயே இருக்கிற பிள்ளையார் கோயில். மாமா மாலை வாங்கப் போனார். அம்மாவும் நானும் தங்கையும் எதிரே பூக்காரியிடம் பூ வாங்கி வைத்துக்கொண்டிருந்தோம். அப்பா கோயில் வாசலுக்கு வந்ததும் என்ன செய்வாரோ அதைச் செய்தார். சட்டையைக் கழற்றி, என்னைக் கூப்பிட்டு என் கையில் கொடுத்தார். துண்டை இடுப்பில் கட்டினார்.

எங்கள் நாட்டில் இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆண்பிள்ளை சட்டையோடு கோயிலுக்குள் நுழைவது கிடையாது, அது ராஜாவே ஆனாலும். உலகம் முழுக்க அப்படித்தான் என்று நாங்களும் நினைத்திருந்தோம். புதுச்சேரியில் அப்படி இல்லை. அங்கே உள்ளே போகிறவர்களும் வருகிறவர்களும் சட்டை போட்டிருந்தார்கள், சிலர் கோட்டே போட்டிருந்தார்கள். அதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அப்பா வெற்றுடம்பில் பட்டை பட்டையாகத் திருநீறு பூசிக்கொண்டு, வாசல் தூண் பக்கத்தில் எங்களுக்காகக் காத்து நின்றார்.

அப்போது ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது. வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி, கையில் குடையோடு ஒரு பெரியவர் இறங்கினார். பின்னாலேயே சைக்கிளில் ஒரு பையன். பெரியவர் நேராக அப்பாவிடம் போனார். தொப்பியைக் கழற்றி அவர் கையில் வைத்தார். அதன்மேல் குடையையும் வைத்தார்.

"இந்தாப்பா, கொஞ்சம் பிடிச்சிக்கோ. உள்ள போய்ட்டு வந்துர்றேன்" என்றார்.

அப்பா தொப்பியைப் பார்த்தார். மூக்கு சிவந்தது. குடையைப் பார்த்தார். காது சிவந்தது.

"ஓய்! உமக்க தொப்பியப் பிடிக்கதுக்கா நான் எரணியல்லேருந்து வண்டி ஏறி வந்தேன்? நான் ஆருன்னு நெனச்சீரு?"

இரண்டையும் கோயில் படியில் வைத்தார். வைத்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். சரியாக அந்த நேரம் பார்த்து மாமா மாலையோடு ஓடி வந்து, "அத்தான், இவங்கதான் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க. ஐயா, இவர்தான் பொண்ணுக்கு அப்பா" என்று இரண்டு பக்கமும் சிரித்தார். யாரும் திருப்பிச் சிரிக்கவில்லை.

பெரியவர் முகம் வெளுத்துவிட்டது. "மன்னிக்கணும். கோயில் ஆளுன்னு நெனச்சிட்டேன். சட்டை இல்லாம நின்னீங்க..."

"சாமிக்க முன்னால கோட்டும் தொப்பியுமா வாறவனுக்கு ஆளு எது, பெண்ணுக்க அப்பன் எதுன்னு எப்பிடி வெளங்கும்?"

மன்னிப்புக் கேட்ட மனிதரிடம் பேசுகிற பேச்சா இது? இப்போது பெரியவரின் மூக்கும் சிவந்தது. தொப்பியை எடுத்துத் தூசி தட்டினார். "வாப்பா போகலாம்" என்று மகனிடம் சொல்லிவிட்டு ரிக்‌ஷாவில் ஏறிவிட்டார்.

அந்தப் பையன் சைக்கிளைத் திருப்பும்போது என்னைப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட இருக்காது. கீழுதட்டைப் பல்லால் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அப்பாவின் சட்டை என் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் அழுகையாக மாறிவிட்டது.

அம்மா அன்று முழுவதும் அப்பாவிடம் பேசவில்லை. மாமா பாவம், திட்டம் போட்டதைக் காட்டித்தான் தீருவேன் என்று எங்களைக் கூட்டிக்கொண்டு சுற்றினார். கலங்கரை விளக்கத்தைக் காட்டினார். ஒரே கல்லில் செய்த உயரமான தூண்களைக் காட்டினார். கடலுக்குள் நீண்டு கிடந்த இரும்புப் பாலத்தில் நடக்க வைத்தார். கோலைப் போல நீளமான ரொட்டி வாங்கித் தந்தார். மேலே மொறுமொறுப்பும் உள்ளே பஞ்சுமாக அவ்வளவு ருசி. அதைக் காப்பியில் முக்கித் தின்ற அப்பா, வாய் தவறி, "கொள்ளாமே" என்று பாராட்டிவிட்டார். அம்மா ஒரு பார்வை பார்த்தாள். அப்பா மீதியைச் சத்தமில்லாமல் தின்றார்.

சாயங்காலம் கடற்கரை மதிலில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பையனை மறுபடியும் பார்த்தேன். கொஞ்ச தூரத்தில் ஒரு வெள்ளைக்காரரோடு நின்று பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தையும் எனக்குப் புரியவில்லை. ஆனால் அதட்டாமல், அவசரப்படாமல், எதிராளி முடித்த பிறகு ஆரம்பிக்கிற பேச்சு அது. எங்கள் வீட்டில் அப்படி யாரும் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. பிடித்த பிறகுதான் கோபம் வந்தது. அப்பாவிடம் அதற்கு முன் நான் குரல் உயர்த்தியதே இல்லை.

"எனக்க தலையில அடிச்சு சொன்னியளே அப்பா. அந்த மனுசன் மன்னிப்பு கேட்டாருல்லா? பொறவும் என்னத்துக்கு ஏசுனிய? ஒங்க கோவத்துக்கு நான் இன்னும் எத்தன மாப்பிள்ளயத்தான் பலி குடுக்கது?"

தங்கை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். என் மூக்கு சிவந்திருந்ததாம், பிறகு அவள் சொன்னாள். அப்பா மதிலிலிருந்து இறங்கித் துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு மாமாவைக் கூப்பிட்டார்.

"மாப்ள, நாளைக்குக் காலம்பற அதே கோயிலுக்கு வாறோம்னு அவியகிட்ட சொல்லும். வேற ஒண்ணும் சொல்லாண்டாம்."

மறுநாள் காலையில் அப்பா குளித்து, திருநீறு பூசி, சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். கோயில் வாசலில் நான் வழக்கம்போலக் கையை நீட்டினேன். அவர் கழற்றவில்லை. கழுத்துப் பித்தான் வரை பூட்டிக்கொண்டு நின்றார்.

"ஏங்க?" என்று அம்மா கேட்டாள். முந்தின நாள் காலைக்குப் பிறகு அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"வந்த எடத்துல அவ்வளவு பேரும் போட்டிருக்கான். நமக்கு மட்டும் என்ன கொம்பு?" என்று அப்பா சொன்னார். பிள்ளையாரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கொதிக்கிற மணலில் கால் வைப்பதுபோல வாசற்படியைத் தாண்டினார். சட்டையோடு அவர் கோயிலுக்குள் நுழைந்தது அதுதான் முதலும் கடைசியும். எனக்காக அதைச் செய்தார்.

உள்ளே போனோம். சந்நிதிக்கு முன்னால் அந்தப் பையன் நின்றார். கால்சட்டை போட்டிருந்தார், ஆபீசுக்குப் போகிற வழி. இடுப்புக்கு மேலே ஒன்றும் இல்லை. சட்டையைக் கழற்றி மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார். ஒல்லியான உடம்பு, விலா எலும்பெல்லாம் தெரிந்தது. சுற்றி நின்ற அவ்வளவு பேரும் சட்டையோடு நின்று அவரையே பார்த்தார்கள். கூச்சத்தில் நெளிந்துகொண்டிருந்தாலும் இடத்தை விட்டு அசையவில்லை. அவருடைய அப்பா பின்னால், தொப்பியைத் தன் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

பையன் எங்கள் அப்பாவைப் பார்த்தார். அப்பாவின் கழுத்துப் பித்தானைப் பார்த்தார். அப்பா பையனின் விலா எலும்பைப் பார்த்தார். தங்கைதான் மெல்ல, "போன்ழூர்" என்றாள்.

அப்பா அவசரமாகத் தன் பித்தான்களைக் கழற்றத் தொடங்கினார். அதைப் பார்த்த பையன் அவசரமாகத் தன் சட்டைக்குள் ஒரு கையை விட்டார். விட்டவர், அப்பா கழற்றுவதைப் பார்த்து மறுபடியும் உருவினார்.

"ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்க. தீபாராதனை காட்டணும்" என்றார் குருக்கள்.

பெரியவர்தான் முதலில் சிரித்தார். அவர் சிரித்ததும் அம்மா சிரித்தாள். நான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். கற்பூரம் காட்டி முடிந்ததும் அப்பா பையனின் பக்கம் போனார். கக்கத்திலிருந்த சட்டையை எடுத்து, உதறி, அவர் தோளில் போட்டார்.

"சாமி கும்பிட்டாச்சுல்லா? சட்டையப் போடு மக்கா. கடக்காத்து அடிக்கி."

அம்மா என் கையைப் பிடித்து அமுக்கினாள். அப்பா அன்னியர் யாரையும் மக்கா என்று கூப்பிட்டு நாங்கள் கேட்டதில்லை. வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் வைத்திருந்த சொல் அது.

"ஏட்டி, ஒனக்குப் பிடிச்சிருக்கா?" என்று அம்மா காதோரமாகக் கேட்டாள்.

"நேத்தே பிடிச்சிது" என்றேன். வெட்கப்பட்டிருக்க வேண்டும்தான். எனக்கு அப்போது வெட்கத்துக்கு நேரம் இல்லை.

திரும்பி வரும்போது ஆரல்வாய்மொழியில் பஸ் நின்றது. "வச்சத எடுத்துக்கிடலாமா?" என்று அம்மா அப்பாவிடம் கேட்டாள். அப்பா தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் முந்தின நாளே இரணியலுக்கு வந்துவிட்டார்கள். கல்யாணத்தன்று காலையில் எல்லோரும் எங்கள் ஊர்க் கோயிலுக்குக் கிளம்பினோம். சம்பந்தி அதே வெள்ளைக் கோட்டு, அதே தொப்பி, அதே குடையோடு நடந்து வந்தார். வாசலில் எங்கள் ஆட்கள் வரிசையாகச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் அதைப் பார்த்துத் தயங்கி நின்றார். பிறகு தொப்பியை எடுத்தார். கோட்டைக் கழற்றினார், சட்டையையும் கழற்றினார். எல்லாவற்றையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தார். சட்டை வாங்கிக்கொள்ள எங்கள் பக்கத்தில் இருபது பேர் இருந்தார்கள். அவர்களை விலக்கிவிட்டு அப்பா முன்னால் வந்தார். மணப்பெண்ணின் தகப்பன், அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் உள்ளே போக வேண்டியவர், இரண்டு கையையும் நீட்டினார்.

"எங்கிட்ட தாரும் சம்பந்தி. நான் பிடிச்சிக்கிடுகேன். நீரு உள்ள போய்க் கும்பிட்டுட்டு வாரும்."

நான் கழுத்தில் மாலையோடு உள்ளே போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அப்பா வாசல் தூண் பக்கத்தில் கோட்டையும் குடையையும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். தொப்பியை எங்கே வைத்தால் கசங்காது என்று தெரியாமல் தன் தலையிலேயே வைத்திருந்தார்.